கம்பவுண்டர் வீட்டு மாதிரிப் படி

எலியாஸ் கம்பவுண்டர் வீட்டுப் பின்வாசலில் மூன்று படிகள் இருந்தன. செங்கல்லை அடுக்கி மேலே பலகை போட்ட படிகள். சுண்ணாம்பு கிடையாது, கலவை கிடையாது, வெறும் அடுக்குதான். அந்த மூன்றையும் ஏறினால் போய்ச் சேர இடம் எதுவும் இல்லை. உச்சியில் நின்று பக்கத்து வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்த வழியே இறங்க வேண்டியதுதான். அப்படியிருந்தும், நாற்பத்தேழாம் வருஷத்துப் பங்குனி மாதத்தில் அந்தத் தெருவில் அதில் ஏறாதவர்கள் என்று யாரும் மிச்சமில்லை.

திருத்தணியில் மாடி வைத்த வீடுகள் அதற்கு முன்பும் இருந்தன. ஆனால் படி என்பது அங்கெல்லாம் கடைசியில் மிச்சமாகிற மூலையில் செருகுகிற சாமான். வீடு முழுக்கக் கட்டி முடித்து, கதவுக்கு வர்ணம் பூசின பிறகு, 'அடடே, மேலே போக வழி வேண்டுமே' என்று நினைவு வந்து கட்டின மாதிரி இருக்கும். இருட்டாக, செங்குத்தாக, மேலேயிருந்து தொங்குகிற கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். இறங்கும்போது தெய்வம் விட்ட வழி. அப்படிப்பட்ட ஊரில் ஒரு மனிதர் படியிலிருந்து மாடியைத் தொடங்கினால் தெரு சும்மா இருக்குமா?

தொடங்கினவர் எலியாஸ்தான். மிஷன் டிஸ்பென்சரியில் இருபத்தேழு வருஷமாக மருந்து கலக்குகிறவர். அளவுக்கு மேல் ஒரு சொட்டும் விழாத கை. மேஸ்திரி வேடியப்பன் கே.ஜி.கண்டிகைக்காரர். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. படிக்குக் கல் வெட்டச் சொல்வதற்கு முன்னால் மூன்று மாதிரிப் படியை வெறும் செங்கல்லில் அடுக்கி, வீட்டுக்காரர்களை ஒரு வாரம் ஏறி இறங்கச் சொல்வார். வெட்டின கல்லை ஒட்ட முடியாது, செங்கல்லை எடுத்தும் பார்க்கலாம், போட்டும் பார்க்கலாம் என்பது அவர் கணக்கு. எல்லா வீட்டிலும் ஒரு வாரத்தில் முடிகிற காரியம். எலியாஸ் வீட்டில் மூன்று வாரமாயிற்று.

காரணம் அவருடைய மகள் தேவசுந்தரி.

அவளுக்கு இருபத்தைந்து வயது. நெல்லூரில் பெண்கள் போர்டிங் பள்ளி ஒன்றில் டீச்சர். ஏழு வயதில் இடுப்பு மூட்டில் வந்த நோயால் இடது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. அந்தப் பாதம் கொஞ்சம் வெளிப்பக்கம் திருகியும் இருக்கும். மாடி எழுப்பப் போவதாக எலியாஸ் எழுதினதும் அவளிடமிருந்து பதில் வந்தது. 'நைனா, மேலே ஓர் அறை எனக்கு வேண்டும். இங்கே ஆறு வருஷமாக எனக்குத் தரைத்தளத்தில் ஸ்டோர் ரூம் பக்கத்து அறையைத்தான் கொடுத்திருக்கிறார்கள். கால் இப்படி இருக்கிறதே என்று இரக்கப்பட்டுக் கொடுத்தது. காற்றும் வராது, வெளிச்சமும் வராது, பருப்பு வாசனை மட்டும் வரும்.' அதே கடிதத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தாள். நெல்லூர்ப் பள்ளியில் இன்னும் ஐந்து வருஷத்துக்கு இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். திருத்தணிப் பெண்கள் பள்ளியிலும் ஓர் இடம் காலியாக இருக்கிறது. இரண்டுக்கும் ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். 'ஈஸ்டருக்கு வந்து வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.'

எலியாஸ் அந்தக் கடைசி வரியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பார். 'வீட்டைப் பார்த்துவிட்டு' என்றுதான் அவள் எழுதியிருந்தாள். அவர் அதைப் 'படியைப் பார்த்துவிட்டு' என்றே படித்துக்கொண்டார். ஒரே பெண். பதினாறு வயதில் ஹாஸ்டலுக்குப் போனவள், அதற்கப்புறம் விருந்தாளி மாதிரி வந்து போகிறாள். அவள் வீட்டோடு வந்து இருக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு ஆசை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

தரையிலிருந்து மாடித் தளத்துக்குப் பத்தடி. வேடியப்பன் முதலில் அடுக்கினது ஏழங்குல உயரப் படி. எலியாஸ் ஒரே தடவை ஏறிப் பார்த்துவிட்டு, "ஒசரம்" என்றார். ஆறாக்கினார். "இன்னும் கொறச்சிக்கலாம்." ஐந்தரை ஆயிற்று. "இன்னும் கொஞ்சம்." ஐந்தேகாலில் நிறுத்தலாம் என்று அவர் நினைத்தபோது வேடியப்பன் விரலை மடக்கி, இந்திரன், எமன், ராஜா என்று மூன்று மூன்றாக எண்ண ஆரம்பித்தார். இருபத்து மூன்று படி வருகிறது, கடைசிப் படி எமனில் முடிகிறது, கட்ட மாட்டேன் என்றார்.

"நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல வேடியப்பா" என்றார் எலியாஸ்.

"நீங்க பாக்காட்டி போங்க. கட்றது நானாச்சே."

சமையலறையிலிருந்து அவர் மனைவி தபிதாளின் குரல் வந்தது. "சொல்றத கேட்டுட்டுத்தான் போங்களேன்." ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள், சங்கீதம் நூற்று ஐம்பதையும் மனப்பாடமாகச் சொல்கிறவள். என்றாலும் எமன் வீட்டுக்குள்ளே வந்து மாடி ஏறுவதை அவள் விரும்பவில்லை. ஆக அஞ்சங்குலம் என்று முடிவாயிற்று. இருபத்து நாலு படி, ராஜாவில் முடிந்தது. ஒவ்வொரு படிக்கும் அகலம் பத்தங்குலம். நீளவாட்டில் இருபது அடி வேண்டும். ஹாலில் இரண்டு சுவரைச் சுற்றிக்கொண்டு போனால்தான் அடங்கும்.

"ஐயா, இது படி இல்ல, வண்டிப் பாதை" என்றார் வேடியப்பன். "ஹால்ல பாதி பூடும். அப்பால வந்தவங்கள எங்க குந்த வெப்பீங்க?"

"படியிலயே குந்தட்டும்."

தெரு தன் பங்குக்குத் தீர்ப்புச் சொன்னது. போஸ்ட்மேன் கஜபதி ஆறடி ஆள். மூன்று படியையும் ஒரே எட்டில் தாண்டிவிட்டு, "எங்க சார் படி?" என்று கேட்டார். போதகர் பக்தியோடு ஏறி இறங்கி, "தாழ்மையான படி" என்றார். அவர் மெச்சினாரா குறை சொன்னாரா என்று தபிதாளுக்கு இரண்டு நாள் சந்தேகமாகவே இருந்தது. கீரைக்காரி பூவம்மாள் தலையில் இருந்த கூடையை இறக்காமலே ஏறினாள். பிறகு என்ன நினைத்தாளோ, இடது முழங்காலை மடக்கிக்கொண்டு, காலை இழுத்து இழுத்து இன்னொரு தடவை ஏறிக் காட்டினாள்.

"இத்தோ, இப்பிடி வந்தாலும் ஏறிடலாம்மா. பாப்பாவுக்கு ஒரு கஷ்டமும் இருக்காது."

அவள் கேலி செய்யவில்லை. நிஜமான அக்கறையோடு சொன்னாள். தபிதாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எலியாசுக்கோ அதிலிருந்து ஒரு யோசனை பிறந்தது, அதுதான் வினை. பூவம்மாள் நொண்டினது சரியான நொண்டல் இல்லை என்று அவருக்குப் பட்டது. அளவில்லாமல் நொண்டினால் எப்படிப் படி சரியா தப்பா என்று தெரியும்? மறுநாள் காலையில் இரண்டங்குல கனத்தில் ஒரு மரக்கட்டையைச் சீவி, தன் வலது செருப்பின் அடியில் வைத்து, டிஸ்பென்சரி கட்டுத்துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். வலது கால் இரண்டங்குலம் உயர்ந்துவிட்டால் இடது கால் இரண்டங்குலம் குட்டையாகிவிடும் அல்லவா? மருந்து கலக்குகிறவரின் கணக்கு. அப்படியே மூன்று படியிலும் ஏறினார், இறங்கினார். முதல் நாள் விழப் பார்த்தார். நாலாம் நாள் பழகிவிட்டது. காலையில் டிஸ்பென்சரிக்குப் போவதற்கு முன் ஐம்பது தடவை என்று வைத்துக்கொண்டார். ஐம்பத்தாறு வயதில் இடுப்பு வலி கண்டது. அதில்கூட அவருக்கு ஒரு திருப்தி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் சாயந்திர வண்டியில் வருவதாகத் தேவசுந்தரி எழுதியிருந்தாள். முதல் வண்டியே கிடைத்துவிட்டதால் காலை எட்டு மணிக்கே வந்து இறங்கிவிட்டாள். ஜட்காக்காரன் பெட்டியை முன்வாசலில் வைத்தான். அம்மா சமையலறையில் இல்லை. பின்பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கமாக வந்து வாசல்படியில் நின்றாள்.

செங்கல் படியின் நடுவில் அவள் அப்பா காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு, சுவரைத் தடவிக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தார். வேடியப்பன் குந்தி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப்புறம் பூவம்மாளும் இன்னும் இரண்டு பெண்களும். தபிதாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "முப்பத்தெட்டு" என்று எண்ணினாள்.

முதலில் பார்த்தது வேடியப்பன்தான். "பாப்பா வந்துடுச்சி" என்றார்.

எலியாஸ் திரும்பினார். காலில் கட்டை இருப்பது மறந்துபோய் இறங்கப் பார்த்து, தடுமாறி, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தன நாளா இது?" என்று கேட்டாள் தேவசுந்தரி.

"பத்து நாளாம்மா" என்றார் வேடியப்பன். "ஒனக்காவத்தான் ஐயா இவ்ளோ பாடுபட்டுகினு கீறாரு."

அவள் திரும்பி உள்ளே போனாள். தரையில் ஒரு கால் அழுத்தமாகவும் ஒரு கால் மெதுவாகவும் விழுகிற அந்தச் சத்தம் முன்னறை வரைக்கும் போய் நின்றது. எலியாஸ் குனிந்து கட்டுத்துணியை அவிழ்த்தார். ஊரில் எத்தனை பேருக்கோ கட்டுப் பிரித்த கை, அன்றைக்கு முடிச்சைத் தேடி அலைந்தது. வேலிக்கு அந்தப்புறம் இருந்த பெண்களுக்கு அப்போதுதான் அவரவர் வீட்டு வேலை நினைவுக்கு வந்தது.

சாயந்திரம் காப்பியை அவரே எடுத்துக்கொண்டு போனார். அவள் வாங்கிக்கொண்டாள். கோபமாக இருக்கிற மாதிரித் தெரியவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நைனா, அந்தப் படியில யார் யாரு ஏறினாங்க?"

"எல்லாரும்தான். தெருவே ஏறிச்சி."

"இன்னா நெனச்சிகினு ஏறினாங்க?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாளைக்கு நெஜப் படி வந்தாலும் அதையேதான் நெனப்பாங்க. புதுசா ஒருத்தர் வந்தா, இன்னாத்துக்கு இவ்ளோ தாழ்வா கட்டியிருக்கீங்கன்னு கேப்பாங்க. அம்மா பதில் சொல்வாங்க. நான் நெல்லூர்ல இருந்தாலும் என் கால் இந்த ஹால்ல குந்திகினு இருக்கும்." காப்பியை ஒரு வாய் குடித்தாள். "அங்க என் கூட இருக்கறவங்களுக்கு இது மறந்தே பூடுச்சி நைனா. இங்கதான் ஒருத்தருக்கும் மறக்கல."

எலியாசுக்கு மனசு விட்டுப்போயிற்று. பத்து நாள் இடுப்பு வலி, மூன்று வாரம் மேஸ்திரியோடு மல்லு, ஹாலில் பாதி, எல்லாம் சேர்ந்து பெண்ணை நெல்லூருக்கே அனுப்பி வைக்கப் போகிறது. அவர் வெற்று டம்ளரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். தபிதாள் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல" என்றார். அன்றைக்கு அவர் இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடவில்லை.

மறுநாள் பெரிய வெள்ளி. பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் கோயில். கோயில் வாசலில் ஆறு கருங்கல் படிகள். இரண்டு பக்கமும் கைப்பிடிச் சுவர். எலியாஸ் வழக்கம்போல வேதாகமத்தையும் குடையையும் எடுத்துக்கொண்டு முன்னால் விடுவிடென்று ஏறி, வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பின்னால் மகள் வந்து சேர்ந்தது காதில் விழுந்த பிறகுதான் உள்ளே நுழைந்தார்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. ரயில் நிலையத்து மேம்பாலமானாலும் சரி, தாலூகா கச்சேரி வாசலானாலும் சரி, படி என்று ஒன்று வந்தால் அவர் முன்னால் போய்விடுவார். நாம் பார்த்தால் குழந்தை கூச்சப்படும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளாத இன்னொன்றும் உண்டு. ஏழு வயதில் அவள் இடுப்பு வலிக்கிறது என்று அழுதபோது, ஓடி ஆடினதில் வந்த சுளுக்கு என்று இவர்தான் முடிவு செய்தார். இரண்டு மாதம் தைலம் தேய்த்து, "நடந்தா சரியாப் பூடும்" என்று நடக்க விட்டார். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, படுக்க வைத்திருக்க வேண்டும், நாள் கடந்துவிட்டது என்றார்கள். ஊரில் நூறு பேருக்குச் சுளுக்கு எது முறிவு எது என்று சொன்னவர். தன் பெண் விஷயத்தில் மட்டும் தப்பிப் போனார். அந்தக் காலைப் பார்க்க அவரால் முடியவில்லை என்பதுதான் உண்மை. கூச்சம் அவளுடையது அல்ல.

மூன்று மணிக்கு ஆராதனை முடிந்து ஜனம் கலைந்தது. தபிதாள் போதகர் மனைவியோடு பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டாள். தேவசுந்தரி எல்லோரும் போகிற வரைக்கும் வாசலிலேயே நின்றாள். எலியாஸ் குடையை விரித்துக்கொண்டு படி இறங்கித் தெருவைப் பார்த்து நடக்கப் போனார்.

"நைனா, அங்கியே நில்லுங்க."

நின்றார்.

"திரும்பி என்னைப் பாருங்க."

எலியாஸ் திரும்பினார். அவள் இடது கையைச் சுவரில் வைத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள். முதலில் குட்டைக் கால் கீழே வந்தது. மேல் படியில் நின்ற நல்ல காலின் முழங்கால் மெதுவாக மடங்கி, உடம்பு முழுவதையும் தாங்கிக் கீழே இறக்கிவிட்டது. பிறகு நல்ல கால் வந்து பக்கத்தில் நின்றது. இரண்டு காலும் ஒரே படியில். மறுபடியும் குட்டைக் கால். மறுபடியும் நல்ல கால் வந்து பக்கத்தில். ஆறு படியும் அப்படியே இறங்கி, அவர் முன்னால் நின்றாள்.

"பாத்தீங்களா?"

"ஆங்."

"இப்ப ஏறறன். எந்தக் கால் முன்னாடி போவுதுன்னு பாருங்க."

ஏறினாள். வலது கால் மேலே போயிற்று. இடது கால் பின்னாலேயே வந்து, அதற்கு அரைப்பாதம் பின்தங்கி, வெளிப்பக்கம் திரும்பிக்கொண்டு நின்றது. அடுத்த படிக்கும் வலதுதான். அதற்கடுத்ததற்கும் வலதுதான்.

"வலது கால்" என்றார்.

"எப்பவும் அதான். எடது கால் ஒரு படிகூட ஏறாது. சும்மா பின்னால வந்து சேந்துக்கும். அப்ப, கட்டையக் கட்டிகினு நீங்க எந்தக் காலுக்கு அளவெடுத்தீங்க?"

எலியாஸ் குடையை மடக்கினார். அவர் பத்து நாளாக ஒவ்வொரு படிக்கும் ஒரு கால் என்று மாற்றி மாற்றி வைத்து ஏறிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு ஏற்றம் இருப்பது அவருக்குத் தெரியவே தெரியாது. தன் வீட்டுப் பெண், தான் தூக்கி வளர்த்த பெண், எப்படிப் படி ஏறுகிறாள் என்று தெரியாமல் பதினெட்டு வருஷம் கழிந்திருக்கிறது.

"நீ கூச்சப்படுவேன்னு..." என்று ஆரம்பித்தார்.

"நான் கூச்சப்படல நைனா."

அவர் தலையை ஆட்டினார். "ரெண்டு மாசம் தைலம் தேச்சன் சுந்தரி. சுளுக்குன்னு நெனச்சி."

"தெரியும்."

"யாரு சொன்னாங்க? அம்மாவா?"

"எனக்குத்தான தேச்சீங்க. எனக்குத் தெரியாதா?" அவள் மேல் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். "பெரியவளானப்ப கொஞ்ச நாள் கோவமா இருந்திச்சி. அப்பால பூடுச்சி. நீங்க முன்னாடியே போயிகினு இருந்தீங்க பாருங்க, அதுதான் போவல."

வெயில் கல்லில் அடித்துத் திரும்பியது. மலைக்குப் போகிற வண்டி ஒன்று மணி குலுங்கத் தெருவில் கடந்து போயிற்று. எலியாஸ் நாலு படி ஏறி வந்து, அவளுக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தார். தைலத்தைப் பற்றி அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு பாரம் இறங்கிவிட்டது என்றெல்லாம் இல்லை. ஆனால் அவள் பக்கத்தில் உட்கார முடிந்தது.

"சரி, எப்பிடி இருந்தா ஒனக்கு சௌரியம்?" என்றார் கடைசியில். பெண் பிறந்த நாளிலிருந்து அவளைப் பற்றி எத்தனையோ முடிவு எடுத்திருக்கிறார். இந்தக் கேள்வியை இப்போதுதான் கேட்டார்.

சனிக்கிழமை காலையில் வேடியப்பனை வரச் சொல்லி, பழைய படியைக் கலைக்கச் சொன்னார்கள். தபிதாள் செய்த முதல் காரியம் பின்வேலிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டது. பூவம்மாள் வெளியே நின்று கீரை வேண்டுமா என்று நாலு தடவை கேட்டாள். நாலு தடவையும் வேண்டாம் என்று பதில் போயிற்று.

"ஒசரத்தப் பத்தி எனக்குக் கவலயில்ல மேஸ்திரி" என்றாள் தேவசுந்தரி. "நல்ல கால்தான் தூக்குது, அது எல்லார் காலும் மாதிரிதான். தாழ்வா வெச்சா படி அதிகமாவுது. ஒவ்வொரு படியிலயும் நான் ரெண்டு காலையும் சேத்து நின்னுதான் போவணும். இருபத்து நாலு தபா நின்னு நின்னு ஏறினா இடுப்பு வுட்டுப்பூடும். எண்ணிக்கையக் கொறைங்க. ஆனா அகலம் வேணும். பத்தங்குலத்துல எடது கால் குதிங்கால் வெளிய தொங்குது."

வேடியப்பன் வெற்றிலையைத் துப்பிவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார். முப்பது வருஷமாகப் படி கட்டுகிறவரிடம், படியைப் பற்றி இப்படி யாரும் பேசினதில்லை போலிருக்கிறது. செங்கல்லை அடுக்க ஆரம்பித்தார். முதலில் ஏழங்குலம், மேலே அகலமான பலகை. அவள் ஏறினாள். "கொஞ்சம் கொறைங்க" என்றாள். ஒரு மெல்லிய பலகையை மாற்றினார். ஆறரைக்கு மேல், ஆறே முக்காலுக்கு உள்ளே வந்தது. அவள் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறினாள்.

எலியாஸ் படிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்திருந்தார், கையில் சாக்குக்கட்டி. அவள் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இடது குதிங்கால் விழுகிற இடத்தில் பலகைமேல் கோடு போட்டார். பத்துத் தடவைக்குப் பத்துக் கோடு. அந்தத் திருகின பாதம், ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு, சேலை விளிம்புக்குக் கீழே தெரிகிற மெலிந்த கணுக்கால், எல்லாம் அவர் முகத்துக்கு ஒரு முழம் தூரத்தில். முதல் மூன்று தடவை கஷ்டமாக இருந்தது. பிறகு அளவில் கவனம் போய்விட்டது.

"எல்லாம் பன்னெண்டுக்குள்ள அடங்குது" என்றார். "ஒரு அங்குலம் தாராளமா வெச்சிக்கோ. பதிமூணு."

வேடியப்பன் தரையில் குச்சியால் கீறிக் கணக்குப் போட்டார். பத்தடி உயரத்துக்குப் பதினெட்டுப் படி. பதினெட்டுப் பதிமூணு இருநூத்து முப்பத்து நாலு அங்குலம். அதாவது பத்தொன்பதரை அடி. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

"ஐயா, நீங்க இருபத்து நாலுக்கு வுட்ட எடம் இருபது அடி. இதுக்கு அரை அடி மிச்சமே ஆவுது." அவருக்கே அது வேடிக்கையாக இருந்தது. "நீங்க குடுத்த எடம் சரிதான். ஒசரத்துல போட்டதத்தான் அகலத்துல போட்டிருக்கணும்."

எலியாஸ் தன் சாக்குக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேடியப்பன் தானும் ஒரு தடவை ஏறினார். தபிதாள் ஏறினாள், கையில் தண்ணீர்க் குடத்தோடு. சாதாரண மனிதர்கள் சாதாரணமாக ஏறுகிற உயரம்தான். யார் வந்து ஏறினாலும், யாருக்காகக் கட்டினது என்று கேட்க அதில் ஒன்றும் இல்லை.

"அகலத்தப் பாத்தா ஜமீன் வூடு மாதிரி கீது" என்றார் வேடியப்பன். "கம்பவுண்டர் ஐயாவுக்கு இந்த வயசுல இன்னா டாம்பீகம்னு ஊரு பேசும்."

"பேசட்டும்" என்றார் எலியாஸ்.

"பேசினா பேசட்டும்" என்றாள் தபிதாளும். தெரு தன் கணவரைப் பற்றி மூன்று வாரமாகப் பேசினதற்கு இந்தப் பேச்சு எவ்வளவோ மேல் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

கைப்பிடி எந்தப் பக்கம் என்று கேட்டார் மேஸ்திரி. ஏறும்போது இடது கைக்கு வேண்டும் என்றாள் தேவசுந்தரி. இறங்கும்போது அதே பக்கம் வலது கைக்கு வந்துவிடும், அப்போது குட்டைக் கால் பக்கம் பிடிக்க ஒன்றும் இருக்காது. கோயிலில் இரண்டு பக்கமும் சுவர் இருப்பதால் அங்கே தொல்லை இல்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் எலியாஸ், "ரெண்டு பக்கமும்" என்றார். நேற்று அவள் கை எங்கே போயிற்று என்பதையும் அவர் பார்த்துத்தான் இருந்தார்.

வேடியப்பன் எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமையே கல்லுக்குச் சொல்லிவிடுவதாகவும், பதினெட்டுக் கல்லும் ஒரே கனத்தில் வேண்டும், ஒன்று ஏறி ஒன்று இறங்கி இருந்தால் கால் ஏமாந்துவிடும், அதனால் கல் அடிக்கிற இடத்தில் தானே போய் நிற்கப் போவதாகவும் சொன்னார்.

"எப்ப முடியும் மேஸ்திரி?" என்று கேட்டாள் தேவசுந்தரி. அவள் மூன்றாவது படியின் மேலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"அவசரம் இல்லியேம்மா. நீ அடுத்த லீவுக்கு வரதுக்குள்ள ரெடியா இருக்கும்."

"ஜூன் ரெண்டாந்தேதி பள்ளிக்கூடம் தொறக்கறாங்க. அதுக்குள்ள நான் மேல சாமான வெக்கணும்."

"எந்தப் பள்ளிக்கூடம்மா?"

"இந்த ஊர்ப் பள்ளிக்கூடம்தான்."

வேடியப்பன் நாள் கணக்குப் போட விரலை மடக்கினார். அவர் வாயைத் திறப்பதற்குள், "முடிஞ்சிடும்" என்று எலியாஸ் சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது மனிதர், மேஸ்திரி பார்க்கிறான், பெண்டாட்டி பார்க்கிறாள் என்ற நினைப்பில்லாமல், தரையில் உட்கார்ந்த இடத்திலேயே அழுதார். சாக்குப் படிந்த கையால் கண்ணைத் துடைக்கப் போய் முகமெல்லாம் வெள்ளையாயிற்று.

வேடியப்பன் மரியாதைக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தபிதாள் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தேவசுந்தரி திரும்பவில்லை. படியிலிருந்து இறங்கி வந்து அவருக்கு எதிரில் நின்று, அவர் அழுது முடிக்கிற வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.